தள்ளுவது சிறிது, கட்டிக்காப்பது பெரிது: வட்ட முடுக்கிகளில் ஆர்.எஃப். கேவிட்டியின் வேலை

ஜெனீவா நகரை ஒட்டி, சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் எல்லைக்கு அடியில், சுமார் 100 மீட்டர் ஆழத்தில் அமைந்திருக்கிறது எல்.எச்.சி. எனப்படும் பெரும் ஹாட்ரான் மோதுவி, எதிரெதிர்த் திசைகளில் ஓடும் இரு புரோட்டான் கற்றைகளை மோதவிடும் வளைய முடுக்கி. அதன் சுற்றளவு 26,659 மீட்டர். இவ்வளவு பெரிய வளையத்தில் புரோட்டான்களுக்கு ஆற்றலைக் கூட்டித் தரும் இடம் ஒன்றே ஒன்றுதான். சில பத்து மீட்டருக்குள் அடங்கிவிடும் அந்த இடத்தில் 16 உலோகக் கூடுகள் இருக்கின்றன. ஒரு திசையில் ஓடும் கற்றைக்கு எட்டு, எதிர்த்திசையில் ஓடும் கற்றைக்கு எட்டு. இவைதாம் ஆர்.எஃப். கேவிட்டிகள், அதாவது ரேடியோ அதிர்வெண்ணில் மின்புலம் ஊசலாடும் வெற்றுக் கூடுகள். வளையத்தின் மற்ற பகுதியை நிரப்பியிருப்பவை பெரும்பாலும் காந்தங்கள். காந்தப்புலம் துகளின் திசையைத் திருப்பும். அதன் ஆற்றலைக் கூட்டாது.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு கேவிட்டி 20 லட்சம் வோல்ட் தரும் வகையில் வடிவமைக்கப்பட்டது. எட்டும் சேர்ந்தால் சுற்றுக்கு 1.6 கோடி வோல்ட். ஒரு வோல்ட்டைக் கடக்கும் புரோட்டானுக்குக் கிடைக்கும் ஆற்றல் ஓர் எலக்ட்ரான் வோல்ட். (மெகா என்றால் பத்து லட்சம், ஜிகா நூறு கோடி, டெரா லட்சம் கோடி.) எல்.எச்.சி.க்குள் நுழையும்போது ஒரு புரோட்டானின் ஆற்றல் 450 ஜிகா எலக்ட்ரான் வோல்ட். அது எட்ட வேண்டிய வடிவமைப்பு உச்சம் 7 டெரா எலக்ட்ரான் வோல்ட். (2022-இல் 6.8 டெராவை எட்டியது.) கேவிட்டியின் முழு வோல்ட்டேஜையும் ஒவ்வொரு சுற்றிலும் வாங்கிக்கொண்டால், ஏறக்குறைய 4,10,000 சுற்றுகளில் உச்சத்தைத் தொட்டுவிடலாம். புரோட்டான் நொடிக்கு 11,245 முறை வளையத்தைச் சுற்றுகிறது. ஆகவே வேலை 36 நொடிகளில் முடிந்திருக்க வேண்டும்.

ஆனால் 20 நிமிடங்கள் ஆகின்றன. ஒவ்வொரு சுற்றிலும் புரோட்டானுக்குச் சராசரியாகக் கிடைப்பது அரை மெகா எலக்ட்ரான் வோல்ட்தான். தரக்கூடியதில் முப்பதில் ஒரு பங்கு. மீதி வோல்ட்டேஜ் எதற்கு? இந்தக் கேள்விக்கான விடையில்தான் வட்ட முடுக்கியின் உயிர்நாடி இருக்கிறது. கேவிட்டியைத் துகளை முன்னே தள்ளும் கருவி என்று அறிமுகப்படுத்துவதே வழக்கம். அது அரைகுறை அறிமுகம் என்பது என் எண்ணம். வட்ட முடுக்கியில் அதன் தலையாய வேலை, சிதறிப்போகத் துடிக்கும் கூட்டத்தைச் சிதறாமல் கட்டிக்காப்பது.

முதலில் ஓர் அடிப்படைச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு தகடுகளுக்கு உயர் மின்னழுத்தம் கொடுத்து வளையத்தின் ஓரிடத்தில் வைத்து, புரோட்டானை அவற்றின் நடுவே திரும்பத் திரும்பச் செலுத்தினால் போதாதா? போதாது. காலத்தால் மாறாத மின்புலத்தில் ஒரு துகள் எந்த வழியாகச் சுற்றி வந்தாலும், புறப்பட்ட இடத்தை அடையும்போது வரவும் செலவும் நேராகிவிடும். தகடுகளுக்கு நடுவே பெற்ற ஆற்றலை, தகடுகளுக்கு வெளியே பரவியிருக்கும் புலம் திரும்பப் பிடுங்கிக்கொள்ளும். இதிலிருந்து தப்ப ஒரே வழி, புலம் காலத்தோடு மாற வேண்டும்; துகள் தனக்குச் சாதகமான தருணத்தில் மட்டும் அதைக் கடக்க வேண்டும். 1924-இல் ஸ்வீடனின் குஸ்தாவ் ஈசிங் இந்த யோசனையை முன்வைத்தார். 1928-இல் நார்வேக்காரரான ரோல்ஃப் வீடரோ ஜெர்மனியின் ஆஹன் நகரில் அதைச் செய்து காட்டினார்: 25,000 வோல்ட்டை இருமுறை பயன்படுத்தி, அயனிகளுக்கு 50,000 எலக்ட்ரான் வோல்ட் ஏற்றினார். அதை விவரித்த வீடரோவின் கட்டுரையைக் கண்ட அமெரிக்க இயற்பியலாளர் எர்னஸ்ட் லாரன்ஸ், துகளைக் காந்தத்தால் வளைத்து அதே இடைவெளிக்குத் திரும்பக் கொண்டுவந்தால் என்ன என்று யோசித்தார். சைக்ளோட்ரான் என்ற முதல் வட்ட முடுக்கி பிறந்தது.

இன்றைய கேவிட்டியின் மிக எளிய வடிவம், இரு பக்கமும் மூடிய உலோக உருளை. இரு மூடிகளின் நடுவிலும் கற்றை புகுந்து வெளியேற ஒரு துளை. உள்ளே ரேடியோ அலையைச் செலுத்தினால், கூட்டின் அளவுக்குப் பொருந்திய அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு உண்டாகும். அப்போது மின்புலம் அச்சின் வழியே, கற்றை ஓடும் திசையிலேயே, முன்னும் பின்னுமாக ஊசலாடும். அச்சில் அது மிக வலுவாக இருக்கும். சுவரை நெருங்க நெருங்கக் குறைந்து சுவரில் பூஜ்ஜியமாகும். எல்.எச்.சி.யின் அதிர்வெண் 400 மெகாஹெர்ட்ஸ். அந்த அதிர்வெண்ணில் அதிரும் எளிய உருளையின் விட்டம் சுமார் 57 சென்டிமீட்டர் வரும். பண்பலை வானொலி 100 மெகாஹெர்ட்ஸை ஒட்டி ஒலிபரப்பாகிறது. அதைப்போல நான்கு மடங்கு. அதிர்வெண் உயர்ந்தால் கூடு சிறுக்கும், தாழ்ந்தால் பெருக்கும். உண்மையான கேவிட்டிகளுக்கு மூலைகள் மழுங்கிய, உப்பிய வடிவம் தருகிறார்கள். சுவரிலிருந்து தெறிக்கும் எலக்ட்ரான்கள் மீண்டும் மீண்டும் மோதிப் பெருகுவதை அந்த வளைவு தடுக்கிறது.

400 மெகாஹெர்ட்ஸ் என்றால், ஓர் ஊசலாட்டத்துக்கு 2.5 நானோ நொடி. அதில் பாதி நேரம் புலம் தள்ளும். மறுபாதி நேரம் தடுக்கும். ஆகையால் கற்றை தொடர்ச்சியான ஓடையாக இருக்கவே முடியாது. கொத்துக் கொத்தாகத்தான் ஓட வேண்டும். வளையத்தை ஒருமுறை சுற்றும் நேரத்தில் கேவிட்டியின் புலம் 35,640 முறை ஊசலாடுகிறது. அந்த எண் முழு எண்ணாக இருப்பது கட்டாயம். இல்லையேல் ஒரு சுற்றில் தள்ளப்பட்ட கொத்து, அடுத்த சுற்றில் தடுக்கப்படும். ஆக, கொத்துகள் தங்கக்கூடிய இடங்களும் 35,640. துறையில் இவற்றை வாளிகள் என்கிறார்கள். ஒவ்வொரு வாளியின் நீளமும் சுமார் 75 சென்டிமீட்டர். எல்லாவற்றையும் நிரப்புவதில்லை. பத்துக்கு ஒரு வாளி வீதம், இடையிடையே வெற்றிடங்கள் விட்டு, வடிவமைப்பின்படி 2,808 கொத்துகள். ஒரு கொத்தில் சுமார் 11,500 கோடி புரோட்டான்கள்.

இந்த 11,500 கோடியும் அச்சு அசலாக ஒரே ஆற்றலில் இருப்பதில்லை. ஒரு புரோட்டானின் ஆற்றல் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மட்டும் கூடுதலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த உயரத்தில் எல்லாப் புரோட்டான்களின் வேகமும் ஏறக்குறைய ஒளியின் வேகமே. கூடுதல் ஆற்றலால் வேகம் கூடுவது பெயரளவுக்குத்தான். ஆனால் கூடுதல் ஆற்றல் உள்ளதைக் காந்தம் சற்றுக் குறைவாக வளைக்கிறது. அது வெளிப்புறப் பாதைக்கு ஒதுங்குகிறது. ஓட்டப்பந்தயத் தடத்தின் வளைவில் வெளிக்கோட்டில் ஓடுபவருக்குத் தூரம் கூடுவதைப் போல, அதற்கும் பாதை நீள்கிறது. எவ்வளவு? எல்.எச்.சி.யின் காந்த அமைப்புக்குக் கணக்கிட்டால், ஒரு சுற்றுக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. 27 கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் என்ன பெரிதா என்று தோன்றலாம். நொடிக்கு 11,245 சுற்றுகள்! ஒரு நொடியில் அந்தப் புரோட்டான் ஒன்பது மீட்டருக்கு மேல் பின்தங்கிவிடும். தன் வாளியின் முழு நீளத்தைக் கடந்து பின்னே நழுவிப்போக அதற்குப் பத்தில் ஒரு பங்கு நொடிகூடத் தேவையில்லை. கற்றையோ மணிக்கணக்கில் ஓட வேண்டும்.

கேவிட்டி இதை எப்படித் தடுக்கிறது? புலத்தின் ஏற்ற இறக்கத்தைக் கொண்டே தடுக்கிறது. நேரம் தவறாத ஒரு புரோட்டானை நினைத்துக்கொள்ளுங்கள். அது கேவிட்டிக்கு வரும் தருணம், வோல்ட்டேஜ் உச்சத்தில் இருக்கும் தருணம் அல்ல. உச்சத்தைத் தாண்டி இறங்கிக்கொண்டிருக்கும் சரிவில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளியில் கிடைப்பது அதற்குத் தேவையான அளவு மட்டும். ஆற்றல் மிகுந்த புரோட்டான் தாமதமாக வரும். அதற்குள் வோல்ட்டேஜ் மேலும் இறங்கியிருக்கும். அதற்குக் குறைவாகவே கிடைக்கும். ஆற்றல் குறைந்தது உட்பாதையில் ஓடி முன்கூட்டியே வந்துவிடும்; அப்போது வோல்ட்டேஜ் அதிகம்; அதற்குக் கூடுதலாகக் கிடைக்கும். இருப்பவனிடம் குறைத்து, இல்லாதவனுக்குக் கூட்டித் தரும் இந்தப் பங்கீட்டை யாரும் அளந்து பார்த்துச் செய்யவில்லை. நேரமே அளவுகோலாகிறது. திருத்தம் பெற்ற புரோட்டான் நடுநிலையில் நின்றுவிடுவதில்லை. தாண்டி மறுபக்கம் போகும், மீண்டும் திரும்பும். இந்த ஊசலாட்டம் எல்.எச்.சி.யில் நொடிக்குச் சில பத்து முறை நிகழ்கிறது. ஒரு முழு ஊசலுக்குள் புரோட்டான் சில நூறு முறை வளையத்தைச் சுற்றி முடித்துவிடும்.

இதற்குக் கட்ட நிலைப்பு என்று பெயர். கட்டம் என்பது, துகள் வரும் தருணத்தில் அலை தன் ஏற்ற இறக்கத்தில் எந்த இடத்தில் இருக்கிறது என்பது. சோவியத் ஒன்றியத்தின் விளாதிமிர் வெக்ஸ்லர் 1944-இலும், அமெரிக்காவின் எட்வின் மக்மிலன் 1945-இலும் தனித்தனியே கண்டறிந்தார்கள். வெக்ஸ்லரே முந்தியவர் என்பதை மக்மிலன் ஒப்புக்கொண்டார். 1963-இல் அமைதிக்கான அணு விருது இருவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. அதுவரை சைக்ளோட்ரானை ஒரு சுவர் மறித்து நின்றது. ஆற்றல் கூடக் கூட, சார்பியல் விளைவால் துகள் சுற்றும் நேரம் நீண்டு, ரேடியோ அலையோடு தாளம் தப்பிவிடும். ஆகவே, தாளம் தப்புவதற்குள், சில பத்துச் சுற்றுகளில் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம் இருந்தது. கட்ட நிலைப்பு அந்த அவசரத்தையே நீக்கிவிட்டது. அதிர்வெண்ணை மெல்ல மாற்றினால் துகள்கள் தாமாகவே பின்தொடரும். லட்சக்கணக்கான சுற்றுகள் ஆனாலும் கவலை இல்லை. முடுக்கிகளின் வரலாற்றில் இதற்கு இணையான திருப்பம் மிகச் சிலவே.

சரிவு இறங்குமுகமாக இருக்க வேண்டும் என்றேன். இது எல்லா ஆற்றலுக்கும் பொருந்தாது. ஆற்றல் குறைவாக இருக்கும் கட்டத்தில் வேகம் இன்னும் ஒளிவேகத்தை நெருங்கியிருக்காது. அங்கே கூடுதல் ஆற்றல் என்றால் கூடுதல் வேகம். பாதை சற்று நீண்டாலும் அந்தத் துகள் முன்கூட்டியே வந்துவிடும். அதற்குக் குறைவாகக் கொடுக்க வேண்டுமானால் வோல்ட்டேஜ் ஏறுமுகத்தில் இருக்க வேண்டும். வேகத்தின் சாதகமும் பாதையின் பாதகமும் சமன்படும் ஆற்றலை மாறுநிலை ஆற்றல் என்பார்கள். அதைக் கடக்கும் நொடியில் கேவிட்டியின் கட்டத்தை ஏறுசரிவிலிருந்து இறங்குசரிவுக்குச் சட்டென்று மாற்றியாக வேண்டும். மாற்றாவிட்டால் சேர்த்துப் பிடித்த அதே விசை கொத்தைச் சிதறடிக்கும்.

பின்னாளில் எல்.எச்.சி.யைக் கட்டிய செர்ன் ஆய்வகத்தின் பழைய வட்ட முடுக்கியான புரோட்டான் சிங்க்ரோட்ரான் 1959-இல் எதிர்கொண்டது இந்தக் கண்டத்தைத்தான். கற்றை அதைத் தாண்டிப் பிழைக்குமா என்ற ஐயம் வடிவமைத்தவர்களுக்கே இருந்தது. சோதனை ஓட்டங்களில் கற்றை அந்த வட்டாரத்தில் தொலைந்துகொண்டும் இருந்தது. வோல்ஃப்காங் ஷ்னெல் என்ற பொறியாளர், கற்றை வளையத்தில் வெளிப்புறம் நகர்கிறதா உட்புறம் நகர்கிறதா என்ற குறிப்பை எடுத்து, அதைக் கொண்டே கேவிட்டியின் கட்டத்தை ஓட்டும் ஒரு மின்சுற்றை அமைத்தார். அது ஒரு நெஸ்கஃபே டப்பாவுக்குள் பொருத்தப்பட்டிருந்தது. நவம்பர் 24 இரவு அதை இணைத்தார்கள். கற்றை மாறுநிலையைத் தாண்டி 24 ஜிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்கு ஏறியது. அன்றைய உலகின் உச்சம் அது. அதற்கு முந்தைய சாதனை சோவியத் ஒன்றியத்தின் துப்னாவில் 10 ஜிகாவாக இருந்தது. காந்தமும் கேவிட்டியும் சரியாகவே இருந்தன. குறைந்திருந்தது கற்றையின் பேச்சைக் கேவிட்டிக்குக் கொண்டுசேர்க்கும் அந்தச் சிறிய மின்சுற்று.

எல்.எச்.சி. இந்தக் கண்டத்துக்கு ஆளாவதில்லை. 450 ஜிகாவில் நுழையும் புரோட்டான் அதன் மாறுநிலைக்கு வெகு மேலே இருக்கிறது. அதிர்வெண்ணைக்கூட அதிகம் மாற்ற வேண்டாம். 400 மெகாஹெர்ட்ஸில் ஒரு கிலோஹெர்ட்ஸுக்கும் குறைவான மாற்றம் போதும்.

அப்படியானால் ஆற்றல் எப்படி ஏறுகிறது? எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த இடம் இது. ஏற்றத்துக்கு விசையைத் தொடங்கி வைப்பது காந்தம். கற்றையை வளைக்கும் 1,232 இருமுனைக் காந்தங்களின் புலத்தை 0.54 டெஸ்லாவிலிருந்து 8.33 டெஸ்லாவுக்கு மெல்ல உயர்த்துகிறார்கள். புலம் சற்று உயர்ந்ததும் கற்றை கூடுதலாக வளைந்து உட்புறம் ஒதுங்குகிறது, பாதை குறுகுகிறது, கேவிட்டிக்குச் சற்று முன்கூட்டியே வந்துவிடுகிறது, அங்கே அதற்குக் கூடுதல் வோல்ட்டேஜ் கிடைக்கிறது. அதனால் ஆற்றல் கூடி, பாதை பழைய இடத்துக்கு வருகிறது. எவ்வளவு ஆற்றல் ஏற வேண்டும் என்பதைக் காந்தம் தீர்மானிக்கிறது. கேவிட்டி அதை அளந்து கொடுக்கிறது. 20 நிமிடம் ஆவதற்குக் காரணமும் இதுவே: அந்த மாபெரும் காந்தங்களின் மின்னோட்டத்தை அதைவிட விரைவாக ஏற்ற முடியாது. உச்சத்தை அடைந்தபின் காந்தப்புலம் நிலையாக நிற்கிறது. ஏற்ற வேண்டியது கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. ஆனாலும் கேவிட்டிகள் ஓய்வெடுப்பதில்லை. மோதல்கள் நடக்கும் அத்தனை மணி நேரமும், கொத்துகளை இறுக்கிப் பிடிப்பதற்காகவே, உயர்ந்த வோல்ட்டேஜில் இயங்குகின்றன.

எலக்ட்ரான்களின் கதை வேறு. வளைவில் திரும்பும் மின்னூட்டத் துகள் ஒளியாக ஆற்றலை இழக்கும். ஒரே ஆற்றலில் ஒரே வளைவில் ஓடினால், இந்த இழப்பு நிறையின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதம். எலக்ட்ரான் புரோட்டானைவிட 1,836 மடங்கு இலேசானது, இழப்பு பயங்கரமானது. எல்.எச்.சி.யில் 7 டெராவில் ஓடும் புரோட்டான் சுற்றுக்கு இழப்பது 6.7 கிலோ எலக்ட்ரான் வோல்ட். அதே சுரங்கத்தில் 2000 வரை இயங்கிய எல்.இ.பி. என்ற மோதுவியில், எலக்ட்ரான்களும் அவற்றின் எதிர்த்துகள்களான பாசிட்ரான்களும் மோதின; அங்கே ஒவ்வோர் எலக்ட்ரானும் தன் ஆற்றலில் சுமார் மூன்று சதவீதத்தை ஒவ்வொரு சுற்றிலும் இழந்தது. அதை ஈடுகட்ட 288 மீக்கடத்திக் கேவிட்டிகளை நிறுவி, சுற்றுக்கு 300 கோடி வோல்ட்டுக்கு மேல் கொடுக்க வேண்டியிருந்தது. இந்தூரில் ராஜா ராமண்ணா உயர் தொழில்நுட்ப மையத்தில் இயங்கும் இண்டஸ்-2 வளையம் சிறியது: சுற்றளவு 172.5 மீட்டர், ஆற்றல் 2.5 ஜிகா எலக்ட்ரான் வோல்ட், கேவிட்டி அதிர்வெண் 505.8 மெகாஹெர்ட்ஸ். அங்கே ஓர் எலக்ட்ரான் சுற்றுக்கு ஏறக்குறைய ஆறு லட்சம் எலக்ட்ரான் வோல்ட்டை ஒளியாகக் கொட்டுகிறது. ஆய்வாளர்களுக்கு வேண்டியது அந்த ஒளிதான். ஆனால் கேவிட்டி நின்றுபோனால் கற்றை ஒரு மில்லிநொடிகூடத் தாங்காது.

எலக்ட்ரான் வளையத்தில் கேவிட்டி இன்னொரு நன்மையும் செய்கிறது. எலக்ட்ரான் நேர்க்கோட்டில் ஓடுவதில்லை. பக்கவாட்டிலும் சிறிது அசைந்தபடி ஓடுகிறது. ஒளியை உமிழும்போது அது தான் போகும் திசையிலேயே உந்தத்தை இழக்கிறது, அதாவது பக்கவாட்டு உந்தத்திலும் ஒரு சிறு பங்கு போய்விடுகிறது. கேவிட்டி திருப்பித் தருவதோ அச்சின் திசையில் மட்டும். இழப்பது இரண்டிலும், பெறுவது ஒன்றில். ஆயிரக்கணக்கான சுற்றுகளில் பக்கவாட்டு அசைவு மெல்ல மெல்ல அடங்கி, கற்றை மெலிகிறது. சிங்க்ரோட்ரான் ஒளி மையங்களின் கற்றைகள் தலைமுடியைவிட மெல்லியவையாக இருக்க முடிவதற்கு இது ஒரு முதன்மைக் காரணம்.

மீக்கடத்தி என்று மேலே சொன்னதற்கு ஒரு விளக்கம். மிகக் குளிர்ந்த நிலையில் மின்தடையை இழந்துவிடும் பொருள் அது. சாதாரணச் செம்புக் கேவிட்டியில், கொடுக்கும் திறனின் பெரும்பகுதி சுவரைச் சூடாக்குவதிலேயே வீணாகிவிடும். எல்.எச்.சி.யின் கேவிட்டிகளும் செம்பால் ஆனவைதாம். ஆனால் உட்புறத்தில் நியோபியம் மெல்லிய படலமாகப் பூசப்பட்டு, திரவ ஹீலியத்தால் 4.5 கெல்வினுக்குக் குளிர்விக்கப்படுகின்றன. அந்தப் படலத்தில் இழப்பு மிக மிகச் சிறிது. ஒவ்வொரு கேவிட்டிக்கும் 300 கிலோவாட் ரேடியோ அலைத் திறன் தரும் ஒரு கிளைஸ்ட்ரான் குழாய் இருக்கிறது. இவ்வளவு திறன் எதற்கு என்றால், கற்றை சாதுவான பயணி அல்ல. ஒவ்வொரு கொத்தும் கேவிட்டியைக் கடக்கும்போது தன் பங்குக்கு ஒரு வோல்ட்டேஜைத் தூண்டிவிட்டுச் செல்கிறது. பின்னால் வரும் கொத்து அதில் சிக்குகிறது. கொத்து வரிசையில் இடைவெளி வந்தால் இந்தத் தொந்தரவு ஏறி இறங்கும். கேவிட்டியின் புலத்தை ஓயாமல் அளந்து, கிளைஸ்ட்ரானை நொடியின் மிகச் சிறு பின்னங்களுக்குள் திருத்தும் பின்னூட்டச் சுற்றுகள் இல்லாமல் இத்தனை அடர்த்தியான கற்றையை ஓட்ட இயலாது.

கட்டுப்பாடு தவறினால் என்ன ஆகும்? வடிவமைப்பு அளவில் ஒரு கற்றையின் மொத்த ஆற்றல் 362 மெகாஜூல். அதை வெளியேற்றும் உதைகாந்தங்கள் முழு வலிமைக்கு வருவதற்கென்று கொத்து வரிசையில் மூன்று மைக்ரோநொடி இடைவெளி விட்டிருக்கிறார்கள். வாளியிலிருந்து தப்பிய புரோட்டான்கள் நழுவி நழுவி அந்த இடைவெளியில் போய்ச் சேரும். அந்நேரம் உதைகாந்தம் இயங்கினால், அரைகுறை உதை வாங்கிய துகள்கள் வெளியேறும் பாதைக்கும் போகாமல், வளையத்திலும் நிற்காமல், கருவிகளின் மீது பாயும். அதனால்தான் அந்த இடைவெளியில் எத்தனை புரோட்டான்கள் திரிகின்றன என்பதை ஒளியைக் கொண்டு கண்காணித்து, தேவைப்படும்போது துடைத்தெடுக்கிறார்கள். கேவிட்டி செயலிழந்தால் கற்றையை உடனே வெளியேற்றிவிடுகிறார்கள்.

இதுவரை சொன்ன குவிப்பு, எலக்ட்ரானுக்குக் கிடைக்கும் அந்தத் தனிச் சலுகை நீங்கலாக, நீளவாக்கிலானது. கற்றையைப் பக்கவாட்டில் குவிப்பது நான்முனைக் காந்தங்களின் பொறுப்பு. கேவிட்டியின் இடைவெளியிலும் பக்கவாட்டுப் புலம் உண்டு: நுழையும்போது உள்நோக்கி அழுத்தும், வெளியேறும்போது வெளிநோக்கி இழுக்கும். துகள் கடக்கும் நேரத்தில் புலம் ஏறிக்கொண்டிருந்தால் இழுப்பே மிஞ்சும். ஏறுசரிவில் கட்ட நிலைப்பை நாடும் நேர்கோட்டு முடுக்கிகளில் இது தொல்லை. நீளவாக்கில் சேர்த்துப் பிடிப்பதற்குப் பக்கவாட்டுச் சிதறலை விலையாகக் கொடுக்க வேண்டும். பெரிய வளையங்களில் நான்முனைக் காந்தங்களின் பிடிக்கு முன் இந்த விளைவு பொருட்டே அல்ல.

ஆனால் வேண்டுமென்றே பக்கவாட்டில் தள்ளுவதற்கென்றே வடிவமைக்கப்படும் கேவிட்டிகளும் இப்போது வந்துவிட்டன. எல்.எச்.சி.யில் இரு கற்றைகளும் சிறு கோணத்தில் சாய்ந்து சந்திக்கின்றன. நீண்ட, மெல்லிய கொத்துகள் ஒன்றன்மீது ஒன்று முழுமையாகப் படிவதில்லை. நண்டுக் கேவிட்டி எனப்படும் புதுவகை, கொத்தின் தலையை ஒரு பக்கமும் வாலை மறுபக்கமும் தள்ளிக் கொத்தையே சாய்க்கிறது. மோதும் இடத்தில் இரண்டும் நேருக்கு நேர் படிகின்றன. எலக்ட்ரான்களுக்கு இதை ஜப்பானின் கே.இ.கே. ஆய்வகம் 2007-இல் செய்தது. புரோட்டான் கொத்தை முதன்முதலில் சாய்த்தது 2018-இல், செர்னின் எஸ்.பி.எஸ். வளையத்தில். மேம்படுத்தப்பட்ட எல்.எச்.சி.க்காக 16 நண்டுக் கேவிட்டிகள் தயாராகின்றன. அட்லஸ், சி.எம்.எஸ். என்ற இரு உணர்விகளின் இருபுறமும், முடுக்கும் கேவிட்டிகளின் அதே 400 மெகாஹெர்ட்ஸ் தாளத்தில் அவை இயங்கும்.